கேண்டீன் கூழ்

குழந்தைகள் ஆஸ்பத்திரி கேண்டீனில் கலர் பாட்டில்களை எடுத்துவிடச் சொன்னார் டாக்டர். பதிலுக்கு, அங்கே சமைக்கும் நான் கம்பங்கூழ் கரைத்தேன். இரண்டு நாளாக யாரும் வாங்கவில்லை.

"இன்னைக்கும் மிஞ்சுனா பாட்டிலையே அடுக்கிருவேன்," என்றார் கேண்டீன் நடத்தும் ஷஃபியுல்லா அண்ணன்.

குரும்பலூர் பிரவீணா அக்கா, காய்ச்சல் விட்ட மகளோடு வந்தார். பலகையைப் படித்து முகம் சுளித்தார்.

"கூழா? களை வெட்டப் போன எங்கம்மா குடிச்சது. எம்புள்ளைக்கும் அதானா?"

பலகையில் 'கம்பங்கூழ்' என்பதை அழித்து, 'கம்பு மோர்' என்று எழுதினேன்.

"அடியே, பேரை மாத்துனா கூழு மோராயிருமா?" அக்கா சிரித்துவிட்டார்.

"ஆவாதுக்கா. அதே கூழுதான், மோரு நெறைய ஊத்தியிருக்கேன். ஒரு வாய் குடுத்துப் பாருங்க."

மகள் டம்ளரைக் காலி செய்துவிட்டு, "இன்னும்" என்றாள். அக்கா வார்டு முழுக்கச் சொல்லிவிட்டார்.

மதியத்துக்குள் பானை தீர்ந்தது. "நாளைக்கு ஒரு படி கம்பு போதுமா?" என்றார் அண்ணன்.

"மூணு படி ஊறப் போடுங்கண்ணே," என்றேன்.