மெரெட்டெ முடுக்கிய திருகு

நாளைக் காலை அக்செலுக்கும் பூடிலுக்கும் திருமண வெள்ளி விழா. சாயங்காலத்துக்குள் அவர்கள் வாசலில் தழை வளைவு நின்றாக வேண்டும். தெருவுக்கே ஒரே ஒரு வளைவுச் சட்டம்தான், அது இங்கோல்ஃபின் கொட்டகையில் இருக்கிறது. அதன் இடப்பக்கச் சாய்வுக் கட்டையைத்தான் அந்த மகாபுத்திசாலி இங்கோல்ஃப் போன ஜூனில் பழைய விறகோடு சேர்த்து நடுக்கோடைத் திருவிழா நெருப்பில் போட்டுவிட்டான்.

"ஊரே உடைஞ்ச நாற்காலிய எரிச்சா, நீ வளைவையே எரிச்சியாக்கும்!" என்றாள் எதிர்வீட்டு யூட்டெ, கை நிறைய ஊசியிலைக் கிளைகளோடு.

புதிதாக வாங்கிய ரம்பம் இருக்கிற தைரியத்தில் அவன் சிரித்தான். மேசையே நகர்ந்து மரத்தைக் கொண்டுபோகும் ஜாதி. நாற்பத்தைந்து டிகிரியில் வெட்டிப் பொருத்தினால், மூலையில் விரல் நுழைகிற இடைவெளி. இன்னொன்று வெட்டினான், அதுவும் அப்படியே.

அப்புறம்தான் உறைத்தது. சட்டம் செய்தவள் அவன் மனைவி மெரெட்டெ. செய்தது யூட்டெயின் கோணல் வாசலுக்கு. அதனால் மற்ற எந்த வாசலிலும் அது இடப்பக்கம் சாய்ந்தே நிற்கும், தெருவே கேலி செய்யும். கண்ணை மூடுவதற்கு முந்தின இலையுதிர்காலத்தில் இதே கட்டையைப் புதிதாக வெட்டியதுதான் அவளுடைய கடைசி வேலை.

அவளுடைய மைட்டர் கேஜ், மரத்தைச் சாய்வாகப் பிடித்துத் தள்ளுகிற கருவி, அலமாரியில் அன்று முடுக்கிய கோணத்திலேயே இருந்தது. மூன்று வருஷமாக அந்தத் திருகை யாரும் தொடவில்லை. ஆனால் அதன் அடிச்சட்டம் புது மேசையின் பள்ளத்துக்கு மெலிசு, லொடலொடவென்று ஆடியது.

"திருகைக் கழட்டி வேற அடிச்சட்டம் போடேன், அஞ்சு நிமிஷ வேலை" என்றாள் யூட்டெ.

"தொடாத!"

கத்தியது அவனுக்கே அதிகமாகத் தெரிந்தது. "கழட்டினா கோணம் போயிடும், யூட்டெ. அவ கை வெச்சது அது ஒண்ணுதான் அப்படியே இருக்கு."

யூட்டெ வீட்டுக்குப் போய் நாலு காலி மீன் டின்களோடு வந்தாள். இங்கோல்ஃப் தகரத்தைக் கீற்றாக வெட்டி, மடித்து, கேஜின் அடிச்சட்டத்தின் இரு பக்கமும் ஒட்டினான். இரண்டு முறை இறுகிக்கொண்டது, மூன்றாம் முறை ஆடாமல் வழுக்கியது. ரம்பம் பாடி முடித்தது. கட்டையை வைத்தான். மூலையில் காகிதம்கூட நுழையவில்லை. நாசமாய்ப் போன கண்ணீர் அப்போதுதான் வந்தது.

காலை ஏழு மணிக்குத் தெருவே வாசலில் நின்று பாடியது. அக்செல் இரவு அங்கியோடு வந்து, ஒன்றும் தெரியாதவன்போல் ஆச்சரியப்பட்டு, தலையைச் சாய்த்துப் பார்த்தான்.

"இடப்பக்கம் சாயுதே. நிமித்திடலாமா?"

"கைய வெச்சுப் பாரு!" என்றாள் பூடில். "மெரெட்டெ வந்து நிக்கிறா, கண்ணு தெரியலயா?"

இங்கோல்ஃபுக்குப் பாட்டின் அடுத்த வரி வரவில்லை. யூட்டெ அவனுக்கும் சேர்த்து, சுதி விலகி, உரக்கப் பாடினாள்.