கொம்பு இல்லாத சொற்கள்

அண்ணியிடம் போனில் அவசரமாகப் பேசியது என் தப்பு. "கவலைப்படாதீங்க அண்ணி, ஒயின் போட்டா ஓடிடும்" என்று சொல்லிவிட்டேன். எதிர்முனையில் அண்ணி ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள். "உங்க அண்ணனுக்குத் தொண்டையில ஆபரேஷன் ஆயிருக்கு. ஞாபகம் இருக்கா?"

நான் சொன்னது குடிக்கிற ஒயின் இல்லை, விண்டோஸுக்காக எழுதின மென்பொருளை லினக்ஸ் கணினியில் ஓட வைக்கிற ஒரு நடுவாளுக்கு அப்படிப் பெயர் என்று விளக்கினேன். அண்ணி அரைமனதாக நம்பினாள். ஒரு கல்லூரி நூலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பேராசிரியர்களுக்கு இதைவிடக் கஷ்டமானதையெல்லாம் புரியவைத்திருக்கிறேன். அண்ணியிடம் மட்டும் இந்த நாத்தனாரின் பருப்பு வேகாது.

அண்ணன் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். பட்டப்பெயர் கிளட்ச். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு அவன் "கிளட்ச்!" என்று போடும் அதட்டல் தெருமுனை வரை கேட்கும். அவனிடம் கற்றுக்கொண்டவர்கள் தூக்கத்திலும் இடது காலை அழுத்துவார்கள் என்று சொல்லிச் சிரிப்போம். குரல்வளையில் புற்று, எடுத்தே ஆக வேண்டும் என்று மருத்துவர் சொன்னபோது அவன் அழவில்லை. ஒரு சின்னக் கம்பெனி செய்த மென்பொருளை முறைப்படி உரிமம் எடுத்து வாங்கினான். அறுவைசிகிச்சைக்கு முன்னால், கதவைச் சாத்திக்கொண்டு, நாள்கணக்கில் வாக்கியம் வாக்கியமாக அதனிடம் படித்துக் காட்டினான். அதன் பிறகு அவன் தட்டச்சு செய்வதை அது அவன் குரலிலேயே பேசியது. கொஞ்சம் மூக்கடைத்த மாதிரி இருக்கும், ஆனாலும் அவன் குரல்தான்.

போன மாதம் அந்தப் பழைய மடிக்கணினி கண்ணை மூடிவிட்டது. மென்பொருள் வட்டும், குரல் பதிவின் நகலும், உரிமச் சாவியும் பீரோவில் பத்திரமாக இருந்தன. ஆனால் கடையில் காட்டிய புதுக் கணினி எதிலும் அது ஏற மறுத்தது. அவ்வளவு பழசு. கம்பெனி அதை விற்பதையே நிறுத்தி வெகுகாலம் ஆகிவிட்டது. பூட்டை உடைத்த பிரதி ஒன்று இணையத்தில் கிடக்கிறது, அது எதிலும் ஓடும், போட்டுத் தரவா என்று பழுதுபார்க்கும் கடைக்காரர் கேட்டிருக்கிறார். அண்ணன், மகள் சின்ன வயதில் எழுதிப் பழகிய சிலேட்டில் ஒரே வரி எழுதி அவர் முகத்துக்கு நேராக நீட்டினானாம்.

"என் குரலை நானே திருடணுமா?"

அண்ணி இதைச் சொன்னபோது எனக்கு எரிச்சல் வந்தது. வீம்புக்கென்றே பிறந்தவன். அந்தக் கம்பெனிக்கு எழுதிக் கேட்டேன். யாரோ ஒரு புண்ணியவான் பதில் போட்டார். பழைய கணினி போய்விட்டதால் உரிமத்தை இன்னொன்றுக்கு மாற்றிக்கொள்ளலாம், ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றில் மட்டும்தான். லினக்ஸ் என்றால் எங்களால் உதவ முடியாது, அது உங்கள் சாமர்த்தியம் என்று எழுதியிருந்தார். சாமர்த்தியத்துக்கு என்னிடம் பஞ்சமில்லை என்பது என் நினைப்பு.

வட்டுகளை வாங்கிக்கொள்ளப் போன அன்றுதான் இன்னொன்றைப் பார்த்தேன். அண்ணன் மகள் வெளியூரில் முதல் வேலையில் இருக்கிறாள். மேலதிகாரி ஒருவன் அவளைத் தினமும் எல்லார் முன்னாலும் அவமானப்படுத்துகிறான். புகார் சொல்லியும் பார்த்துவிட்டாள், ஒன்றும் நடக்கவில்லை. இந்த லட்சணத்தில், திங்கட்கிழமை இரண்டு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். போட்டால் நகர முடியாது. விட்டுவிட்டு வரட்டுமா என்று அண்ணியின் போனில் கேட்டாள். அண்ணன் சிலேட்டில் "வரச் சொல்லு" என்று எழுதினான். அண்ணி அதைப் பார்த்துக்கொண்டே, "அப்பா கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்றாரும்மா" என்றாள். அண்ணன் சிலேட்டை மேசையில் ஓங்கித் தட்டினான். "பாரு, தட்டிச் சொல்றாரு" என்று அந்தத் தட்டலையும் சேர்த்து மொழிபெயர்த்தாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாளே அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு உள்ளதைச் சொன்னேன். அத்தைக்கும் அம்மாவுக்கும் என்றைக்கு ஒத்துப்போயிருக்கிறது என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டாள். பேசாதவனுக்கு எதற்கு போன் என்று அண்ணன் தன் போனை எப்போதோ ஒழித்துவிட்டான். அண்ணியின் போனிலிருந்து அவனே தட்டி அனுப்பிய செய்திக்கு, "அம்மா, அப்பா பேர்ல நீ எழுதாதே" என்று பதில் வந்தது. அண்ணி முன்பு அப்படி எழுதி ஒருமுறை பிடிபட்டிருக்கிறாள். வீடியோவில் முகம் பார்த்துப் பேசலாம் என்றால் மகளின் விடுதி அறையில் சிக்னல் நிற்பதில்லை. அப்பா வா என்றால் வருவாள், இரு என்றால் இருப்பாள். அவன் குரலில் கேட்டால்தான் நம்புவாள்.

ஏன் மாற்றிச் சொன்னீர்கள் என்று அண்ணியிடம் நேராகவே கேட்டேன். குழாயை மூடிவிட்டுத் திரும்பினாள். "இங்க வந்தா என்ன பண்ணுவா? இந்தக் கூடத்துல உக்காந்து அப்பாவுக்கு வாயா இருப்பா. அதுக்கு நான் ஒருத்தி போதாதா?"

அதில் என் கோபம் பாதி இறங்கிவிட்டது. இப்போதெல்லாம் அண்ணன் பயிற்சிக் காரில் போகும்போது அண்ணியும் பின் இருக்கையில் போகிறாள். அவன் காரின் முன்பலகையில் ஒரு தட்டு தட்டினால் பிரேக் என்றும், இரண்டு தட்டினால் கிளட்ச் என்றும் அவள்தான் பின்னாலிருந்து கத்துகிறாள். ஒருநாள் இரண்டு பேரும் திரும்பி வந்தபோது பார்த்தேன். அவன் களைத்திருந்தான், அவள் குரல் கட்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் லினக்ஸ் ஓடும் என் மடிக்கணினியைக் கொண்டுபோய் அவர்கள் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். அண்ணன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மாணவனை மேற்பார்வை பார்ப்பது போலவே பார்த்தான். இது எப்படி நடக்கிறது என்று எழுதிக் கேட்டான். மென்பொருள் விண்டோஸிடம் கேட்பதாக நினைத்துக்கொண்டு சி டிரைவ் எங்கே என்று கேட்கும், லினக்ஸில் அப்படி ஒன்று கிடையாது, நடுவில் நிற்கிற ஒயின் ஒரு கோப்புறையைக் காட்டி இதுதான் என்று சொல்லும் என்றேன். நீ எந்தக் காலத்து விண்டோஸ் என்று கேட்டால், அது எதிர்பார்க்கிற காலத்தைச் சொல்லும். அண்ணன் சிலேட்டில் "அப்போ பொய்தானே?" என்று எழுதினான்.

"பொய் இல்லண்ணா. அது கேக்கிற வேலையை நிஜமாவே செஞ்சு குடுக்குது. கேட்டதை மாத்திச் சொன்னாத்தான் பொய்."

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது. வேண்டுமென்றே சொல்லவில்லை என்று நான் சொன்னால் யார் நம்பப்போகிறார்கள்.

உரிமம் யார் பெயரில் என்று மென்பொருள் கேட்டது. அவன் பெயரைப் போட்டு, சாவியையும் போட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு ஏற்றுக்கொண்டது. அண்ணன் சட்டையின் மேல் பித்தானைப் போட்டுக்கொண்டான், யாரோ வரப்போகிற மாதிரி. குரல் பதிவையும் ஏற்றிவிட்டு, நான் "பேசு" என்று தட்டினேன். ஒலிபெருக்கியில் என் அண்ணன் குரல் கணீரென்று வந்தது.

"பசு."

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் திரையைப் பார்த்தேன். அவன் கணினியைத் தன் பக்கம் இழுத்து, இத்தனை வருடம் மாணவர்களிடம் சொல்லித் தேய்ந்த வாக்கியத்தைத் தட்டினான். மெதுவா போ.

"மதுவா பா" என்றது அவன் குரல்.

"ஒயின்னு சொன்னப்பவே நினைச்சேன்" என்றாள் அண்ணி, அடுக்களை வாசலில் நின்றுகொண்டு. அண்ணனுக்குத் தோள் குலுங்கியது. சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியாமல் பயந்துபோனேன். சிரிப்புதான்.

கோளாறு புரிந்துவிட்டது. பழைய மென்பொருள் என்பதால் அதில் எழுத்தின் ஒவ்வொரு துண்டுக்கும் தனி எண். 'பே' என்று எழுத முதலில் இரட்டைக் கொம்பு போகும், பின்னால் 'ப' போகும். நான் வைத்த மொழி அமைப்பில் ஏதோ பிசகு, கொம்புகளின் எண்கள் மட்டும் வழியிலேயே தொலைந்துகொண்டிருந்தன. ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, இணைக்கொம்பு மூன்றும் போச்சு. மற்றதெல்லாம் ஒழுங்காக இருந்தது. "கொம்பில்லாம என்னத்தைப் பேசறது?" என்று அண்ணன் எழுதினான். "இந்த வீட்டுல எல்லாருக்கும் கொம்பு முளைச்சிருக்கு, இதுக்குத்தான் இல்லை" என்றாள் அண்ணி.

சாயங்காலத்துக்குள் சரி செய்துவிடுவேன் என்று சொல்லி வாய் மூடவில்லை, அண்ணியின் போன் அடித்தது. மகள். பேருந்தில் இருக்கிறாள், இறங்கியதும் விடுதிக்குள் போய்விட்டால் சிக்னல் இருக்காது, நாளைக் காலையில் கையெழுத்து. அண்ணி போனை மேசையில் வைத்து ஒலிபெருக்கியைப் போட்டாள். இரைச்சலுக்கு நடுவே அந்தப் பெண்ணின் குரல் உடைந்து உடைந்து வந்தது.

"அம்மா, என்னால முடியலம்மா. அப்பாகிட்ட கடைசியா ஒரு தடவை கேளு. இருக்கச் சொன்னா இருந்துடறேன்."

அண்ணி வாயைத் திறந்தாள். அண்ணன் கையை உயர்த்தி நிறுத்தினான். சாலையில் குறுக்கே வருபவனை நிறுத்துகிற அதே கை.

"வேலை வேண்டாம்" என்று தட்டினான். விரல் பொத்தானுக்குப் போய் நின்றது. எத்தனை கொம்பு என்று கண்ணால் எண்ணினான் போல, அழித்தான். "போதும்" என்று தட்டி, அதையும் அழித்தான். "நான் இருக்கேன்" என்று தட்டியவன், கடைசிச் சொல்லில் இரட்டைக் கொம்பைப் பார்த்ததும், ஒருவழித் தெருவில் நுழைந்துவிட்டவன் மாதிரி மெல்லப் பின்வாங்கினான். போனில் அவள் "அம்மா, லைன்ல இருக்கியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். தமிழில் இத்தனை கொம்பு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். கொம்பில்லாத சொல் ஒன்றையாவது எடுத்துக் கொடுக்கலாம் என்று பார்த்தால் என் மண்டையில் பசுவைத் தவிர ஒன்றும் வரவில்லை.

அவன் என்னை எதிர்பார்க்கவில்லை. இரண்டு விரலால், தன் வேகத்தில், தட்டி முடித்துப் பொத்தானை அழுத்தினான்.

"பாப்பா. வந்துடு. வீடு இருக்கு. அம்மா இருக்கா. அப்பா இருக்கான்."

ஒரு எழுத்து பிசகவில்லை. தெருமுனை வரை கேட்ட அந்தக் குரல்.

பேருந்தின் இரைச்சலை மீறி அவள் குரல் வந்தது. "அப்பா, நீங்கதானா?"

"நான்தான்."

அவள் அழுதாள். பேருந்தில் யார் பார்த்தாலும் பரவாயில்லை என்கிற மாதிரி அழுதாள். நாளைக்கே கிளம்பிவிடுகிறேன் என்றாள். அதற்குப் பிறகு அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். குரல் மாறியது.

"அம்மா. அப்பா பொறுத்துக்கச் சொன்னாருன்னு நீதானே சொன்னே? ஏம்மா?"

அண்ணி மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எதற்கும் சளைக்காத அந்த வாய்க்கு ஒரு சொல்லும் வரவில்லை. அவளை அப்படிப் பார்க்க எனக்கே பொறுக்கவில்லை. இத்தனை நாள் அவளிடம் ஜெயிக்க வேண்டும் என்று அலைந்தவள் நான். அந்த இடத்தில் ஜெயிப்பதற்கு எனக்கு ஒன்றும் இல்லை.

அண்ணன் கணினியைப் பார்த்தான். அவன் சொல்ல வந்தது அதில் அடங்காது, கொம்புகள் நிறைந்தது. சிலேட்டை எடுத்து நிதானமாக எழுதினான். எழுதி, அண்ணியின் கையில் கொடுத்தான். வாசி என்று சைகை காட்டினான்.

அண்ணி மனதுக்குள் ஒருமுறை படித்தாள். அண்ணனைப் பார்த்தாள். அவன் மேசையில் ஒரு விரலால் மெல்லத் தட்டினான். அந்தத் தட்டலை அவள் மொழிபெயர்க்கவில்லை. சிலேட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து, எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளையாட்டம் ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள்.

"அம்மா மேல கோபப்படாதே. எனக்காகப் பேசிப் பேசியே, தனக்குன்னு பேச மறந்துட்டா."

அம்மா என்பதை நான் என்று மாற்றவில்லை. ஒரு கொம்பைக்கூட விடவில்லை.