நுரைத் தூணில் ஆனந்தகுமார்

ஆனந்தகுமார் நுரைத் தூணுக்குள் விழுந்து இந்தத் தை மாதத்தோடு ஆறு வருஷம் முடிகிறது. இன்னும் உயிரோடுதான் இருக்கிறான். பெரிய காஞ்சிபுரத்துச் சாயப்பட்டறைக்காரர்கள் கூடிக் கட்டிய கழிவுநீர் நிலையத்தில், இருபதடி உயரமும் நாலடி அகலமுமாக நிற்கிற இரும்பு உருளைக்குத்தான் அந்தப் பெயர். அடியிலிருந்து கம்ப்ரசர் காற்றை ஊதும். காற்று குமிழி குமிழியாக ஏறும்போது சாயத்தையும் தூக்கிக்கொண்டு போய் நுரையாக மேலே தள்ளும். நுரையை வழித்துப் போட்டால் தண்ணீர் தெளிந்துவிடும். வழிப்பது ஆனந்தகுமாரின் வேலை. வழித்துக்கொண்டிருந்தபோது கால் வழுக்கியது. தென்னேரி ஏரியைக் கரைக்குக் கரை நீந்தினவன் என்பதால் முதலில் யாரும் பதறவில்லை. கீழே நின்ற இரண்டு பேர் சிரிக்கக்கூடச் செய்தார்கள். கால்பங்கு காற்றாக இருக்கிற தண்ணீர் ஆளைத் தாங்காது என்பது அவனுக்கும் தெரியாது, சிரித்தவர்களுக்கும் தெரியாது. அம்மிக்கல் போல நேராகப் போய் அடியில் நின்றான்.

கயிறு விட்டார்கள், பிடித்துக்கொண்டான். தலை நுரைக்கு மேலே வந்ததும் கரையில் போட்ட கெளுத்தி மாதிரி துடித்தான், உதடு நீலமாகிவிட்டது. மறுபடி இறக்கியதும் அடங்கினான். மூன்று முறை தூக்கிப் பார்த்தார்கள். நாலாவது முறை வேண்டாம் என்று கயிற்றைப் பிடித்துத் தடுத்தது அவன் மனைவி ஏலவார்குழலி. வெறும் காற்று அவனுக்கு இனி ஒத்துக்கொள்ளாது என்பதை எல்லோருக்கும் முன்னால் புரிந்துகொண்டவள் அவள்தான். அன்றிலிருந்து வாழைப்பழமும் வேர்க்கடலை உருண்டையும் கயிற்றில் இறங்கிப் போகின்றன. இட்லியை ஒருநாள் அனுப்பிப் பார்த்தார்கள், பாதி வழியிலேயே கரைந்துவிட்டது. இருபத்துநாலு மணி நேரமும் வேலை இடத்திலேயே இருக்கிறவனை வரவில்லை என்று எழுத வழியில்லாமல், சாயப்பட்டறைச் சங்கத் தலைவர் கலியாணசுந்தரம் அவனை வேலையிலேயே வைத்துக்கொண்டார்.

ஏலவார்குழலி தறிக்குப் பாவு நூல் சுற்றுவதை விட்டுவிட்டுக் கம்ப்ரசர் பார்க்கிற வேலைக்கு வந்தாள். அது நின்றால் அவன் செத்தான். இதைத் தவிர அவளுக்கு வேறு நினைப்பில்லை. சாப்பிடும்போது மோட்டார் சத்தம் கொஞ்சம் மாறினால் கையில் எடுத்த சோறு அப்படியே நிற்கும். கோயிலுக்குப் போனாலும் கற்பூரம் காட்டுவதற்குள் திரும்பி ஓடி வருவாள். தூணின் உடம்பில் மேலிருந்து கீழ்வரை ஒரு சாண் அகலத்துக்குக் கண்ணாடி பதித்திருந்தது. உள்ளே எப்போதும் வெளிறிய அரக்கு நிறத்தில் பாலாய்க் கலங்கியிருக்கும். எப்போதாவது அதில் ஒரு உள்ளங்கை வந்து ஒட்டும். போன ஆவணி வரைக்கும் புருஷனை அவள் பார்த்தது அவ்வளவுதான்.

நிலையத்துப் பொறியாளர் சத்யப்ரியா அவளுக்கு ஒருநாள் விஷயத்தை உடைத்துச் சொன்னாள். "தண்ணிக்குள்ள எவ்ளோ காத்து தங்குதுன்றதுதான்கா எல்லாம். மோட்டார் ஓடினா மட்டம் பதினாறடி, நிறுத்தினா பன்னெண்டடி. நடுவுல இருக்குதே நாலடி, அதான்கா ஆனந்தண்ணன்."

மூன்றாவது வருஷம் நுரை பொங்கித் தெருவுக்கு வந்து ஒரு ஷேர் ஆட்டோ வழுக்கிக் கவிழ்ந்தது. கலியாணசுந்தரம் கோபத்தில் நுரையை அடக்குகிற எண்ணெயை வாங்கி வந்து, யாரையும் கேட்காமல் ஒரு குவளை ஊற்றிவிட்டார். கடுகு கடுகாக இருந்த குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து நெல்லிக்காயாகி, எலுமிச்சையாகி, தங்காமல் மேலே ஓடின. மட்டம் மூன்றடி இறங்கியது. உள்ளேயிருந்து இரும்பைக் குத்துகிற சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்டது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்துப் பட்டறையிலிருந்து பட்டு அவித்த சோப்புத் தண்ணீர் வாய்க்காலில் வந்து சேர்ந்திராவிட்டால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும். கச்சாப் பட்டின் பசை கலந்த தண்ணீரில் குமிழி ஒட்டிச் சேராது, சின்னதாகவே நிற்கும், அசைந்து அசைந்துதான் மேலே போகும். குத்துகிற சத்தம் நின்றது. மிச்ச எண்ணெயை ஏலவார்குழலி தானே கொண்டுபோய்ப் புதைத்தாள்.

மின்சார வாரியம் மாதத்துக்கு ஒருநாள் பராமரிப்புக்காக ஒன்பதிலிருந்து ஐந்து வரை கரண்ட்டை நிறுத்தும். அன்றைக்கெல்லாம் ஜெனரேட்டர் ஓடும். போன ஆவணியில் அப்படி ஓடிக்கொண்டிருந்த ஜெனரேட்டர் பதினோரு மணிக்குக் கறுப்பாக ஒரு முறை இருமிவிட்டு நின்றது. மெக்கானிக் வாலாஜாபாத்தில் இருந்தார். அவர் வர இரண்டு மணி நேரமாகும் என்று கலியாணசுந்தரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்.

"பட்டு அவிச்ச தண்ணி இருந்தா எடுத்தாங்கப்பா! ஆறினதா எடுத்தாங்க!" என்று ஏலவார்குழலி தெருவில் ஓடிக் கத்தினாள்.

குடத்திலும் அண்டாவிலும் கொண்டுவந்து ஊற்றினார்கள். கம்ப்ரசர் தொட்டியில் மிச்சமிருந்த காற்று கால்மணி நேரம் வந்தது. அதற்குள் குமிழியெல்லாம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பொடிந்து, தண்ணீர் கெட்டிப் பாலாயிற்று. பிறகு காற்று நின்றது.

தெளிவு அடியிலிருந்து ஆரம்பித்தது. கடைசிக் குமிழிகள் மேலே போகப் போக, கண்ணாடியின் அடியில் சுத்தமான தண்ணீர் ஒரு சாண் உயரத்துக்கு நின்றது. அதில் இரண்டு பாதங்கள் தெரிந்தன. வெளுத்து ஊறிய பாதங்கள். இடது சுண்டுவிரல் வளைந்திருந்தது. அவன்தான். ஏலவார்குழலி அந்த இடத்தில் கண்ணாடியைத் தொட்டாள், உடனே கையை எடுத்துக்கொண்டாள். அவன் எவ்வளவு தெரிகிறானோ அவ்வளவு சாவு நெருங்குகிறது. கணுக்கால் தெரிந்தது. முழங்கால் தெரிந்தது. தெளிந்த தண்ணீர் ஆளைத் தாங்கும் என்பதால் பாதங்கள் தரையை விட்டு எழும்பின. கலங்கலுக்குள் தலையை வைத்துக்கொண்டு, தெளிவும் கலங்கலும் சந்திக்கிற கோடு ஏற ஏற அவனும் ஏறினான். அவள் இரும்பு ஏணியில் கூடவே ஏறினாள். இடுப்பு தெரிந்தது, மார்பெலும்பு தெரிந்தது.

"ஏங்க, உங்கள எனக்குப் பாக்க வேணாங்க. உள்ளயே இருங்க, வராதீங்க" என்று கண்ணாடியில் நெற்றியை முட்டிச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

கழுத்து தெரிந்தது. நரைத்த தாடியின் நுனி தெரிந்தது. மேலே நுரைக்கும் அவன் உச்சந்தலைக்கும் நடுவில் இரண்டு முழக் கலங்கல்தான் மிச்சம். மட்டம் பன்னிரண்டரை அடிக்கு வந்துவிட்டது. கோடு தாடைக்கு வந்தது. அங்கே நின்றது.

அவள் நூறு வரைக்கும் எண்ணினாள். கோடு அசையவில்லை. பிறகு அந்த மார்பு விரிந்தது, மெதுவாக ஒடுங்கியது. தாடிக்குள்ளிருந்து கடுகைவிடச் சின்னதான குமிழிகள் கிளம்பின. ஒரு மனுஷ மார்பில் அடங்காத அளவுக்கு அவை வந்துகொண்டே இருந்து மேலே போகாமல் கீழ்நோக்கி இறங்கின. கழுத்தை மூடின, மார்பை மூடின, கால்வரைக்கும் மூடின. மட்டம் பதினைந்தடிக்கு ஏறியது. இரண்டு விரற்கடை இறங்கியது. மறுபடி ஏறியது.

"மூச்சு உடறாருமா!" என்றார் கலியாணசுந்தரம் கீழேயிருந்து.

மெக்கானிக் வந்து ஜெனரேட்டரைச் சரிசெய்துவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து கம்ப்ரசர் சாயத்துக்காக மட்டும் ஓடுகிறது, ஞாயிற்றுக்கிழமைகளில் நிறுத்திவிடுகிறார்கள். சத்யப்ரியா தினமும் மட்டத்துக்கு, ஏறினபோது ஒன்று இறங்கினபோது ஒன்று என்று இரண்டு எண்களை எழுதுகிறாள். சோதனைக்கு வருகிறவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள். ஏலவார்குழலி மறுபடியும் பாவு சுற்றப் போகலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். அவள் போகவில்லை, கண்ணாடிக்கு எதிரில் முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். மட்டம் நிமிஷத்துக்குப் பதினாலு முறை இறங்குகிறது. ஒவ்வொரு முறையும், அது மறுபடி ஏறுகிறவரைக்கும் அவள் பயப்படுகிறாள்.