முழங்கை ஆழத்துப் பச்சை

கீழ்வானம் வெளுத்து, கூரைமுகடுகளில் இளவெயில் படிந்து, தெருக்கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாய்த் திறந்துகொண்டிருந்த காலைப்பொழுதில், ஊரின் கடைக்கோடி வீட்டுப் பின்புறத்தே, மீன்குளமொன்று பச்சைப்பயற்றை அரைத்துக் கரைத்தாற்போலக் கிடந்தது. கரையில் குனிந்து, வலக்கையை முழங்கைவரை நீருள் விட்டு, உள்ளங்கை மறைந்ததும் முகம் மலர்ந்து எழுந்தாள் குளத்துக்காரி. கை மறைந்தால் குளம் நலம். கை தெரிந்தால் மீன் பட்டினி. அவள் கற்ற கல்வியெல்லாம் இவ்வளவே. இரண்டு திங்களில் மகளுக்குத் திருமணம். விருந்துக்குத் தன் குளத்து மீனையே படைப்பதாக மாப்பிள்ளை வீட்டாருக்கு அவள் சொல் கொடுத்திருந்தாள்.

அவள் கணவரோ, முப்பதாண்டு சலவைக்கூடத்தில் கறையோடு போரிட்டு ஓய்ந்தவர். சட்டையில் ஒரு புள்ளி விழுந்தால் அன்றைக்குச் சோறு இறங்காதவர். ஊரார் இட்ட பெயர் வெள்ளையார். தங்கையின் பேறுகாலத்துக்கு மனைவி பன்னிரண்டு நாள் சென்றிருந்தபோது, நல்லோரே, அம்மனிதர் அன்பு மிகுதியால் செய்ததைக் கேளுங்கள்! பழைய படுக்கைவிரிப்புகளை இருமடியாய்த் தைத்துக் தூசி விழாதபடி குளத்தின்மேல் பந்தலிட்டு, மெல்லிய துணியால் நாள்தோறும் நீரிலிருந்த பச்சைப் பாசியை வடித்தெடுத்து, அடித்தரை தெரியுமாறு ஆக்கிவிட்டார்.

"எப்படி? கண்ணாடி மாதிரி இருக்குல்ல?" என்று, திரும்பி வந்தவளிடம் மார்தட்டினார்.

அவள் கையை விட்டாள். உள்ளங்கை வரிகூடத் தெரிந்தது. மீன்களோ தலை பெருத்து உடல் வாடி நீந்தின. அவளுக்கு அழுகை பொங்கிற்று.

"நல்லா வெளுத்தீங்க போங்க! என் மீனோட சோத்தையே வடிச்சுக் கொட்டிட்டீங்களே!"

"சோறா? அது அழுக்கும்மா!"

"அந்த அழுக்குதாங்க வெயிலத் தின்னு வளருது. அதைப் பொடிப்பூச்சி தின்னும், பூச்சிய மீன் தின்னும். வெயிலையே மறைச்சுட்டா யாரு யாருக்குப் போடுறது?"

அவள் சொன்னது மெய்யே. பத்துப்பிடி பச்சையை உண்ணும் பூச்சி ஏறத்தாழ ஒரு பிடியையே தன் உடலாக்கும். பூச்சியை உண்ணும் மீனும் அப்படியே. எஞ்சியதெல்லாம் கழிவாயும், மூச்சிலும் அசைவிலும் வெப்பமாயும் போய்விடும். அடியில் நூறுபிடி விளையாவிட்டால் நுனியில் ஒருபிடி ஏது?

வெள்ளையார் அப்போதே பந்தலைக் கிழித்தெறிந்தார். சாணத்தின் பக்கமே போகாதவர், மூக்கைச் சுளித்துக்கொண்டு அதைப் பாசிக்கு எருவாகக் கரைத்து ஊற்றினார். நாள்தோறும் விடியலில் கரைக்கு ஓடிக் கை விட்டுப் பார்த்து, "இன்னும் தெரியுதே!" என்று புலம்பினார். ஒருவாரத்தில் நீர் மங்கிற்று. இருவாரத்தில் பசுமை திரண்டது. வாடிய மீன்கள் மெல்ல மெல்லச் சதை பிடித்தன.

திருமண நாள் காலை, வலை இறங்குமுன், புத்தாடை உடுத்த வெள்ளையார் சட்டைக்கையை மடிக்கவும் பொறுமையின்றிக் குளத்துள் கையை விட்டார்.

"ஐயையோ, சட்டை!" என்று அலறினாள் மனைவி.

"சட்டை கெடக்கட்டும்மா! கை தெரியல பாரு!"

வலை கனத்து ஏறிற்று. அவள் கொடுத்த சொல் நின்றது. பந்தியில் மாப்பிள்ளையின் தந்தை, மூன்றாம் துண்டை முடித்துவிட்டு, "மீன் பிரமாதம் சம்பந்தி. அது சரி, சட்டைக் கையில என்ன கறை?" என்று வினவினார்.

வெள்ளையார் பச்சை படிந்த சட்டைக்கையை நிமிர்த்திக் காட்டினார். "கறை இல்லீங்க. நீங்க சாப்பிட்ட மீன் சாப்பிட்ட சாப்பாடு!"

பந்தியே சிரித்தது, மனைவி முகம் சிவக்கச் சிரித்தாள். வானத்து ஒளி பல வாய் கடந்தே நம் இலைக்கு வருகிறது என்பதை அறிந்தவர் அழுக்கென்று எதனையும் எளிதில் தள்ளார். முப்பதாண்டு வெளுத்த அவர் கைகள் அந்தச் சட்டையை மட்டும் இன்றளவும் வெளுக்கவில்லை.