ரசியாவின் நகமும் ஒரு வைஃபை கார்டும்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், ஒரு படத்திலிருந்து என்பேன். நல்ல படம் இல்லை. வாய் பாதி திறந்து, ஒரு கண் மூடி, மறு கண் செருகி, தும்மப்போகிறவளைப் போல நான் உறைந்து நிற்கும் படம். குவைத்தில் ஒரு பிள்ளை அதைத் திரையிலிருந்து பிடித்து வகுப்புக் குழுவில் போட்டுவிட்டது. பெற்றோர்களும் இருக்கிற குழு. சிரிக்கிற பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. எனக்கு அழுகைதான் வந்தது.

என் பெயர் ஜஸீலா. நீடாமங்கலத்தில் இருக்கிறேன். கதைகள் எழுதுவேன், அதில் ஒரு டீத்தூள் பொட்டலம்கூட வாங்க முடியாது. மாலையில் வளைகுடா நாடுகளில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இணையத்தில் தமிழ் சொல்லித் தருகிறேன். கல்யாணத்துக்குப் பிறகு எனக்கென்று நானே தேடிக்கொண்டது அந்த வகுப்பு ஒன்றுதான். அதைத்தான் இழக்கப்போனேன்.

வகுப்பு நடுவில் என் லேப்டாப் வைஃபையை விட்டுவிடும். நான் உறைவேன். பிள்ளைகள் "டீச்சர் சிலையாயிட்டாங்க" என்பார்கள். வகுப்புகளை நடத்தும் நிறுவனத்தில் எங்களை மேய்க்கிறவர் செம்மொழி. நல்ல பெண். அந்தப் படம் வந்த மறுநாள் அவர் போன் செய்து, வருகிற வெள்ளிக்கிழமை பெற்றோர்களும் உட்கார்ந்து பார்க்கும் வகுப்பு என்று நினைவுபடுத்தினார்.

"அதுலயும் அறுந்துச்சுன்னா பிள்ளைங்கள வேற டீச்சருக்கு மாத்திருவாங்க. எனக்கும் வேற வழி இல்ல டீச்சர்."

ஆகவே வாசகரே, பணயம் என்னவென்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது. கடைசி வரை ஒளித்துவைத்துத் திடுக்கிட வைக்கிற கதை இது இல்லை.

2

ஆனால் கதையை நான் இப்படித் தொடங்கவில்லை. முதலில் எழுதியது இது:

'வெங்கட்ராகவன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மேசை மேல் லேப்டாப் குப்புறக் கிடந்தது. வெள்ளிக்கிழமை மாலை வெளிச்சத்தில் அவருடைய ஸ்குரூ டிரைவர்'

[ஸ்குரூ டிரைவர் என்ன செய்தது? மின்னியதா? வேண்டாம்.]

அதை விட்டுவிட்டு இன்னொன்று முயன்றேன்:

'வெண்ணாற்றில் தண்ணீர் வந்த அன்று'

[தண்ணீர் வந்தால் என்ன? லேப்டாப்புக்கும் வெண்ணாற்றுக்கும் என்ன சம்பந்தம்? எங்கள் பக்கத்தில் எந்தக் கதையை எடுத்தாலும் மதகைத் திறக்காமல் தொடங்க வரமாட்டேன் என்கிறது.]

திரும்ப வெங்கட்ராகவனிடமே போனேன். தஞ்சாவூரில் அவருக்கு ஒரு வீடு கட்டிக் கொடுத்தேன். மதுரம் என்று ஒரு மனைவியைக் கொடுத்தேன். அவர் லேப்டாப்பைத் திறந்தார், பழைய கார்டைக் கழற்றினார், புதியதைப் பொருத்தினார், மதுரம் காபி கொண்டுவந்தாள். கதை முடிந்துவிட்டது. ஒன்றரைப் பக்கம்தான். மனிதருக்கு வியர்க்கக்கூட இல்லை.

ஏன் அவரைக் கூப்பிட்டேன் என்று பிறகு யோசித்தேன். ஓய்வுபெற்ற ஒரு சார் கையில் ஸ்குரூ டிரைவர் இருந்தால் நீங்கள் கேள்வி கேட்காமல் படிப்பீர்கள். அடுப்படி மேடையில் லேப்டாப்பைப் பிரித்துப் போட்ட ஜஸீலா என்றால், எப்போது உடையும் என்று காத்திருப்பீர்கள். நீங்கள் அப்படி இல்லை என்றால் மன்னியுங்கள். என் வீட்டுக்காரர் அப்படித்தான் காத்திருந்தார்.

3

வீட்டுக்காரர் பெயர் சைபுல்லா. குவைத்தில் இருக்கிறார். லேப்டாப் அவர் கொண்டுவந்தது.

அதைத் தஞ்சாவூரில் ஒரு கடைக்குத் தூக்கிப் போனேன். கடைக்காரர் திறந்தே பார்க்காமல் மதர்போர்டு போய்விட்டது, புதிதாக வாங்குங்கள் என்று சொல்லிவிட்டார். நானும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது: அதே அறையில், அதே நேரத்தில், என் போனில் வீடியோ தங்குதடை இல்லாமல் ஓடுகிறதே? (அந்தச் சின்னத் திரையில் பாடத்தையும் பிள்ளைகளையும் ஒன்றாக வைத்து வகுப்பு எடுக்க முடியாது, அது வேறு.)

வீட்டுக்கு வந்து போனையும் லேப்டாப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எங்கள் வைஃபை பெட்டி இரண்டு பெயரில் அலைவரிசை தருகிறது. போனுக்கு இரண்டும் தெரிகிறது. லேப்டாப்புக்குப் பழையது ஒன்றுதான் தெரிகிறது. சாயங்காலம் ஆனால் தெருவில் எல்லா வீட்டுப் பெட்டியும் அந்தப் பழையதில்தான் முட்டி மோதுகிறது. ஒரே வாய்க்காலில் ஊரே மோட்டார் போட்டால் கடைமடைக்கு என்ன வரும்? இரண்டாவது வாய்க்கால் காலியாகத்தான் ஓடுகிறது. என் லேப்டாப்புக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

தெரியவைக்க முடியும் என்று வீடியோக்கள் சொல்லின. உள்ளே தீப்பெட்டியில் பாதி அளவுக்கு ஒரு வைஃபை கார்டு இருக்கிறது. அதைக் கழற்றிவிட்டு, இரண்டு அலைவரிசையும் தெரிந்த கார்டை வைத்தால் போதும். என் லேப்டாப்புக்கு எது சேரும் என்று தேடிப் படித்து, பரீட்சைக்குக்கூட அப்படிப் படித்ததில்லை, ஒன்றுக்கு இணையத்தில் ஆர்டர் போட்டேன். பிறகுதான் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"நீ கைய வைக்காத. ஒடச்சிட்டீன்னா அதோட கிளாஸும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்றார்.* நான் பதில் சொல்ல ஆரம்பித்ததும், "கேக்கல ஜஸீலா, கட் ஆவுது" என்று வைத்துவிட்டார்.

அவருடைய போன்கள் எல்லாமே அப்படித்தான் முடியும். நான் ஏதாவது நீளமாகச் சொல்லத் தொடங்கினால் லைன் கட் ஆகும். உண்மையிலேயே கட் ஆகிறதா, அவருக்குக் கேட்க முடியவில்லையா என்று எனக்குத் தெரியாது. கேட்டதும் இல்லை.

* முதல் படியில் அவரைக் கத்த வைத்திருந்தேன். கதைக்கு வசதியாக இருந்தது. ஆனால் அவர் கத்துகிறவர் இல்லை. மெதுவாகத்தான் வேண்டாம் என்பார். அழித்துவிட்டேன்.

4

கார்டு வியாழக்கிழமை வந்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மத்தியானம்தான் கூரியர்காரர் போன் செய்தார். ரயில்வே கேட்டில் நிற்பதாகச் சொன்னார். நீடாமங்கலத்தில் கேட் மூடினால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தெரியாதவர்கள் ஒருமுறை வந்து நின்று பாருங்கள். கூட்ஸ் ஒன்று எஞ்சின் மாற்றிப் போன பிறகு கார்டு கைக்கு வந்தது. வகுப்புக்கு அதிக நேரம் இல்லை.

இங்கே ரசியாவை அறிமுகப்படுத்த வேண்டும். ரசியா பேகம் என் நாத்தனார், வீட்டுக்காரருடைய தங்கை. எங்களோடுதான் இருக்கிறாள். காலையிலிருந்து எனக்கும் அவளுக்கும் பேச்சு இல்லை. காரணம் நகம். வெள்ளிக்கிழமை நகம் வெட்டிக் குளிப்பது எங்கள் வீட்டு வழக்கம். நான் ஒட்ட வெட்டிக்கொண்டு, அவளையும் வெட்டச் சொன்னேன். பார்க்கலாம் என்றாள். போன வாரமும் அதைத்தானே சொன்னாய் என்று கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டேன். முகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

லேப்டாப்பைக் கவிழ்த்துப் போட்டேன். கழற்றும் ஸ்குரூவெல்லாம் எது எந்த மூலைக்கு என்று குழம்பாமல் இருக்கப் பணியாரச் சட்டியை எடுத்து வைத்துக்கொண்டு, குழிக்கு ஒன்றாகப் போட்டேன். உடம்பில் மின்சாரம் இருந்தால் இறங்கட்டும் என்று ஜன்னல் கம்பியைத் தொட்டேன். மூடியை நெம்பித் திறந்து, முதலில் பேட்டரியின் இணைப்பைப் பிடுங்கினேன். எல்லாம் வெங்கட்ராகவன் செய்த மாதிரியே நடந்தது.

கார்டு தெரிந்தது. அதன் தலையில் ஒரு கறுப்பு ஒயர், ஒரு வெள்ளை ஒயர். கடுகளவு பித்தளை மூடிகளால் அழுந்திப் பிடித்துக்கொண்டிருந்தன. நகத்தால் மெல்லத் தூக்குங்கள் என்றார் வீடியோக்காரர்.

எனக்கு நகம் இல்லை.

விரல் நுனியால் தள்ளினேன். சதைதான் நசுங்கியது. கத்தி முனையை வைத்தேன், அது வழுக்கி மதர்போர்டில் ஒரு கோடு போட்டது. உயிர் போய் வந்தது. இடுக்கியால் பிடித்து இழுத்தால் ஒயரே அறுந்துவிடும் போலிருந்தது. மூடி அசையவில்லை. வகுப்பு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. லேப்டாப் வயிறு திறந்து கிடந்தது. திரும்ப மூடவும் முடியாது, முன்னால் போகவும் முடியாது. உடைத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அவர் சொன்ன 'ஒண்ணும் வேணாம்' காதில் விழுந்தது.

[இப்போதுதான் எனக்குப் புரிகிறது, வெங்கட்ராகவனுக்கு ஏன் எல்லாம் அத்தனை சுலபமாக நடந்தது என்று. அவர் வீட்டில் வெள்ளிக்கிழமை நகம் வெட்ட மதுரம் விடவே மாட்டாள், ஆகாது. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமைதான் வெட்டுவோம். அந்த மனிதர் விரல் நிறைய நகத்தோடு உட்கார்ந்திருக்கிறார். பாராட்டியது போதும். அடுத்த வண்டியில் தஞ்சாவூருக்கு அனுப்பி வைக்கிறேன்.]

நிமிர்ந்தால் ரசியா வாசற்படியில் நிற்கிறாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. என் விரலைப் பார்த்தாள், தன் விரலைப் பார்த்தாள்.

"தள்ளுங்க மச்சி" என்றாள். அண்ணன் மனைவியை எங்கள் வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவோம்.

ஜன்னல் கம்பியைத் தொடச் சொன்னேன். தொட்டாள். குனிந்து, கட்டைவிரல் நகத்தை வெள்ளை மூடிக்குக் கீழே நுழைத்து ஒரு சுண்டு சுண்டினாள். கழன்று வந்தது. கறுப்பும் வந்தது. வெண்டைக்காய் நுனி ஒடிக்கிறவள் மாதிரி சாதாரணமாகச் செய்தாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது, ஆனால் கையில் கார்டு இருந்தது.

புதியதை நான் செருகினேன். ஸ்குரூவை நான் முடுக்கினேன். ஒயர்களை அவள் வைத்தாள், நான் அழுத்தினேன். டக். இன்னொரு டக்.

5

இந்த இடத்தில் ஒரு எழுத்தாளர் என்ன செய்வார்? கைவசம் இரண்டு முடிவுகள் இருந்தன.

அ) லேப்டாப்பை உயிர்ப்பிக்கிறேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில், இந்தக் கார்டை ஏற்க முடியாது என்று வருகிறது. சில லேப்டாப்புகள் அப்படிச் செய்யுமாம். இரண்டு பெண்களும் மௌனமாக அந்தத் திரையைப் பார்க்கிறார்கள். வெளியே [மழை? ரயில்?]

ஆ) வைஃபை வருகிறது, ஆனால் அதற்குள் வகுப்பு முடிந்துவிட்டது. செம்மொழியின் செய்தி காத்திருக்கிறது. சோகமான முடிவு, பத்திரிகைக்காரர்களுக்குப் பிடிக்கும். நானே இப்படி நிறைய எழுதியிருக்கிறேன்.

இரண்டையும் எழுதிப் பார்த்தேன். ரசியாவிடம் படித்துக் காட்டினேன்.

"அப்ப என் நகம் செஞ்ச வேலை சும்மாவா போச்சு?" என்றாள்.

சரி, நடந்ததையே எழுதுகிறேன். பேட்டரியைத் திரும்ப மாட்டி மூடியதும் லேப்டாப் எழுந்தது. கார்டு யாரென்று அதற்கு முதலில் தெரியவில்லை. போனைக் கேபிளில் மாட்டி இணையம் கொடுத்ததும் வேண்டிய மென்பொருளைத் தானே இறக்கிக்கொண்டது. வைஃபை பட்டியலைத் திறந்தேன். இரண்டு பெயர்கள் இருந்தன. இரண்டாவதை அமுக்கினேன். பட்டை முழுசாக நின்றது. நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

"காலையில வெட்டு வெட்டுன்னு உயிர வாங்குனீங்களே" என்றாள் ரசியா. வெட்டவே வெட்டாதே என்று அவள் கையைப் பிடித்துச் சொன்னேன்.

வகுப்பு நடந்தது. பிள்ளைகள் நான் எப்போது சிலையாவேன் என்று வைத்த கண் வாங்காமல் பார்த்தார்கள். ஆகவில்லை. பிறகு மறந்துபோய்ப் பாடத்தைக் கவனிக்க ஆரம்பித்தார்கள். தோஹாவில் ஒரு சிறுமி, பெயர் ஷமீரா, தன் வீட்டு மீன்தொட்டியைப் பற்றித் தமிழில் சொல்லிக்கொண்டே போனாள். நடுவில் ஒரு சொல்கூட விழுங்கப்படவில்லை. அவளுடைய அம்மா பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பிள்ளைகள் உங்களிடமே இருப்பார்கள் என்று எல்லார் முன்னாலும் செம்மொழி சொன்னார். சும்மா ஒப்புக்குச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன். யாராவது அதைப் படம் பிடித்திருந்தால் அனுப்புங்கள்.

6

கதையை அங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் அன்று திரையில் ஒரு கட்டம் அதிகமாக இருந்தது. கேமரா மூடியிருந்தது. பெயர் எழுதியிருந்தது: சைபுல்லா.

வகுப்புக்கான இணைப்பை ரசியாதான் தன் அண்ணனுக்கு அனுப்பியிருக்கிறாள். உடையும் என்று பார்க்க வந்தாரா, வேறு எதற்காவதா, தெரியாது. வகுப்பு தொடங்கியதிலிருந்து இருந்திருக்கிறார். என் வகுப்பை அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. எல்லாரும் போய்விட்டார்கள். அவர் கட்டம் மட்டும் போகவில்லை. மைக் திறந்தது.

"கேக்குது ஜஸீலா" என்றார். "நல்லாக் கேக்குது. சொல்லு."

அவர் வாயிலிருந்து அந்தச் 'சொல்லு' வந்து எத்தனையோ காலம் ஆகிறது. என் மனசு நிறைந்துவிட்டது, அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. ரசியா பணியாரச் சட்டியைத் தூக்கிக்கொண்டு நைஸாக அடுப்படிக்குள் போனாள்.

அவருக்கு நான் என்ன சொன்னேன் என்பதை மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் அழித்துவிட்டேன்.

'என்னங்க, நான்'

'உடைக்கலை பார்த்தீங்களா'

'இத்தனை வருஷமா'

[இல்லை.]

அந்தப் பதிலை உங்களிடமே விட்டுவிடுகிறேன். கீழே இடம் இருக்கிறது. உங்கள் வீட்டில் யாரிடமாவது பாதியில் நின்றுபோன பேச்சு இருந்தால் அதையே எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

'.....................................'

எவ்வளவு நீளமாக வேண்டுமானாலும் எழுதுங்கள். இப்போது லைன் கட் ஆகாது.