உண்டியலில் விழுந்த புகார்

மலேசியாவில் ஈஜோக் பக்கத்துச் செம்பனை ஆலையில் பதினோரு ஆண்டுகளாக ஒரு மனிதரும் கீழே விழுந்ததில்லை. விழுந்தவர்களை வேலிக்கு வெளியே தூக்கிப்போய்க் கிடத்தி, அங்கே விழுந்ததாக எழுதிக்கொள்வதுதான் முறை.

பாதுகாப்புப் புகார்களுக்கென்று நிர்வாகம் வைத்த சிவப்புப் பெட்டி முனீஸ்வரன் மேடைக்குப் பக்கத்தில் இருந்ததால், தொழிலாளர்கள் அதை உண்டியல் என்றே எண்ணிச் சில்லறை போட்டு வந்தார்கள். பழம் அவிக்கும் பிரிவில் இருந்த புனிதவதி மட்டும் அது உண்டியலில்லை என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். மேல்நடைபாதையில் கைப்பிடிக் கம்பி இல்லாமல், கூட வேலை செய்த வீரன் விழுந்து இடுப்பொடிந்த மாதம், அவளே ஒரு தாள் எழுதிப் போட்டாள். பெயர் போடவில்லை. பெட்டியைத் திறந்தவர்களுக்கு அது தேவைப்படவும் இல்லை. மறுநாளே அவளை உதிரிப்பழம் பொறுக்க வெயிலுக்கு அனுப்பினார்கள். ஆலை கொடுத்திருந்த லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லும் கடிதமும் தயாரானது. மேலாளர் தங்கராஜு கையெழுத்துப் போடுவதுதான் பாக்கி.

அதற்கு முன் அவர் எல்லோரையும் கூட்டி, வழுக்காது என்று காட்டச் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு மேல்நடைபாதையில் நடந்தார். "பாத்தீங்களா? கம்பி எதுக்கு?" என்று திரும்பியவர் விளிம்புக்கு அப்பால் கால் வைத்தார். விழவில்லை. இருபதடி உயரத்தில் காற்றில் நின்றுவிட்டார். கயிறு போட்டு இழுத்தும் அசையவில்லை.

முனீஸ்வரனுக்குப் பூசை வைக்கும் நாகமணி புனிதவதியிடம் வந்தார். "என்னாதான் எழுதுன, தங்கச்சி?"

"கம்பி போடுங்கன்னுதான், அண்ணே."

"அவ்ளோதானா?"

"கடைசில, இனிமே இங்க யாரும் விழக்கூடாதுன்னு..."

"அப்பறம் என்னா லா. சாமி கடைசி வரிய மட்டும் படிச்சிருக்கு."

கம்பி போட்டால் அதைப் பிடித்து அவர் இறங்கிவிடலாம் என்பது ஆலைக்கே தெரிந்தது. அதற்கு அவர் கையெழுத்துப் போட வேண்டிய அனுமதித் தாளைக் குலை வெட்டும் கழியில் செருகி மேலே நீட்டினார்கள். கூடவே வீட்டுக் கடிதத்தையும். "கம்பி இல்லன்னு நானே ஒத்துக்கவா?" என்று முதல் தாளைத் திருப்பிவிட்டார். இரண்டாவதில் கையெழுத்துப் போட்டார்.

மாதக் கடைசியில் புனிதவதி சட்டிபானைகளை லோரியில் ஏற்றிக்கொண்டு புக்கிட் பெலிம்பிங்குக்குப் புறப்பட்டாள். போகும்போது ஆலைக்குள் வந்து அண்ணாந்து, "வரேன் சார்" என்றாள். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது அவருக்குக் கீழே வழக்கம்போல வேலை நடக்கிறது. சாப்பாடு கழியில் போகிறது. அவருடைய இடது காலுறையில் பெருவிரல் பக்கம் ஓட்டை.