ஏஜினாவில் இரண்டு நாள்

நியூசிலாந்தில், ஆக்லாந்து நகரின் விரிப் பகுதியில் ஒரு களஞ்சியத்தில் லொறிகள் வந்துபோகும் நேரத்தைக் குறிப்பதுதான் சோதிலிங்கத்தின் வேலை. 1997இல் லண்டனில் நடந்த ஒரு கலியாணத்துக்கு மனைவி ரதிதேவியுடன் ஆக்லாந்திலிருந்து புறப்பட்டபோது, பயணத்துக்கும் அப்படியே ஓர் அட்டவணை போட்டார்.

ஜெர்மனியில் இருந்த தங்கை இராசமலரைப் பார்த்துவிட்டு வரவேண்டும் என்றாள் ரதிதேவி. பார்த்துப் பதினொரு வருடம். "உன்னோட ஒண்டு கதைக்கோணும் அக்கா, போனில ஏலாது" என்று மலர் இரண்டு தரம் சொல்லியிருந்தாள்.

"ஜெர்மனியில பாக்க என்ன இருக்கு? மலரைக் கிரேக்கத்துக்கு வரச் சொல்லும்" என்றார் சோதிலிங்கம். ஏஜினாத் தீவில் இரண்டு நாள் என்று முடிவாயிற்று.

முதல் நாள் இடிந்த கோயில், மியூசியம், பிஸ்தாத் தோட்டம். பஸ்ஸில் மலர் வாயைத் திறந்தால், "இதில இறங்கோணும்" என்பார். மியூசியத்தில் இருவரும் ஒரு மூலையில் ஒதுங்கினால், பானைக்குப் பக்கத்தில் நிற்கச் சொல்லிப் படம் எடுப்பார். ரதிதேவிக்குக் கால் வீங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள்.

மறுநாள் விடிந்ததும் அக்காவும் தங்கையும் படுத்திருந்த அறைக் கதவைச் சோதிலிங்கம் தட்டினார். "ஏழரைக்கு பஸ். மலையில பழைய மடம் ஒண்டு இருக்கு."

"நான் வரேல்ல" என்றாள் ரதிதேவி.

"மூண்டு டிக்கெட் எடுத்தாச்சு."

"அப்ப மூண்டு சீட்டிலயும் நீங்களே இருங்கோ."

அவர் முகத்தைத் தூக்கிக்கொண்டு தனியே போனார்.

பல்கனியில் உட்கார்ந்துகொண்டு மலர் அக்காவிடம் சொன்னாள். புருஷன் அவளை விட்டுப் போய் இரண்டு வருடமாகிவிட்டது.

"போன தீபாவளிக்கு அவர் போனில என்னோட கதைச்சாரே? தடிமனில குரல் அடைச்சிருக்கு எண்டு சொன்னார்."

"அது என்னோட வேலை செய்யிற ஒராள் அக்கா. நான்தான் அப்படிக் கதைக்கச் சொன்னனான்."

ரதிதேவிக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. தங்கையின் கையைப் பிடித்தபடி வெகுநேரம் இருந்தாள்.

திரும்பிப் போகும் படகு இரண்டு மணிக்கு. சோதிலிங்கம் பஸ் மாறி ஏறித் தீவின் மறுகரைக்குப் போய், படகையும் தவறவிட்டு, நாலரைக்கு ஒரு தோட்டக்காரரின் வண்டியில் வந்து இறங்கினார். "போர்டு எல்லாம் கிரேக்கத்தில எழுதியிருக்கு" என்றார்.

ஆக்லாந்தில் நியூ லின் வீட்டுக்கு வந்த பிறகுதான் ரதிதேவி மலரின் கதையை அவரிடம் சொன்னாள். அவர் கையிலிருந்த படங்களைக் கீழே வைத்தார்.

"அங்கயே ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

"எங்க நிண்டு சொல்ல? ஓடிக்கொண்டெல்லோ இருந்தனாங்கள்."

ஞாயிற்றுக்கிழமை சோதிலிங்கம் தானாகவே ஜெர்மனிக்குப் போன் எடுத்தார். எடுத்தவர் பத்து நிமிடம் அங்கத்தைய குளிரைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார். ரதிதேவி பொறுக்க முடியாமல் ரிசீவரைப் பறிக்கக் கை நீட்டினாள். அவர் மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

"மலர், டிசம்பரில இஞ்ச வாரும். ஒரு இடமும் பாக்கத் தேவையில்லை. சும்மா வந்து இரும்."